கைப்பலம் போதாதாம்

ராய்ஸ் டில்மனிடம் இருந்தது ஒரே ஒரு வைத்தியம்தான். சுட்ட தோட்டா இடது பக்கம் போனால் கைப்பலம் போதாது. கீழே இறங்கினால் கைப்பலம் போதாது. இலக்கையே தொடாமல் பின்னால் இருக்கும் மண்மேட்டில் போய்ப் புதைந்தால், அப்போதும் அதே கைப்பலம்தான். நெப்ராஸ்காவில் மாடும் புல்லும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு கவுண்டியில், ஷெரிஃப் அலுவலகத்து சார்ஜென்ட் அவன். அங்கிருந்த ஒன்பது பேருக்கும் கைத்துப்பாக்கி சொல்லிக்கொடுப்பதும், அந்தத் துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்துத் திருப்பித் தருவதும் அவன் பொறுப்பு. மாநிலத் தலைநகருக்குப் போய் ஐந்து நாள் வகுப்பில் உட்கார்ந்து ஒரு சான்றிதழ் வாங்கி வந்திருந்தான். அந்த ஐந்து நாளைப் பதினோரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

எந்நேரமும் கையில் ஒரு அமுக்குக்கட்டை வைத்திருப்பான். இரண்டு மரப்பிடி, நடுவே ஒரு தடித்த எஃகுச் சுருள். பேசும்போது அமுக்குவான், காரில் காத்திருக்கும்போது அமுக்குவான், வலது கையில் கரண்டி இருந்தால் இடது கையால் அமுக்குவான். யாராவது புதிதாக வந்தால் கைகுலுக்குகிறேன் என்று அவர்கள் விரலை நசுக்கி, முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரிப்பான். நாற்பத்தொரு வயது ஆம்பிளைக்கு இது ஒரு பொழுதுபோக்கு. அந்தச் சுருள் கிறீச்சிடும் சத்தம் கேட்டாலே வெல்டா கோவாரிக்குக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெல்டா அந்தக் கவுண்டிச் சிறையில் பதினாறு வருஷமாக வேலை பார்ப்பவள். நாற்பத்தெட்டு வயது. சிறையென்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கோர்ட்டுக்குக் கீழே இருபத்திரண்டு கட்டில், ஜன்னலே இல்லாத சுவர்கள், எப்போதும் ப்ளீச் வாடை. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வெள்ளை வேனில் கைதிகளைப் பரிசோதனைக்காக ஏற்றிக்கொண்டு நூற்றி அறுபது மைல் தள்ளி இருக்கும் அரசு மனநல ஆஸ்பத்திரிக்குப் போவது அவள் வேலை. அந்த இரண்டு நாளுக்காகத்தான் மற்ற மூன்று நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். வானமும் புல்லும் பார்த்துக்கொண்டு, வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் கோஸும் இறைச்சியும் வைத்த ரன்ஸா ரொட்டி வாங்கித் தின்றுகொண்டு போகலாம். கைதிகள்கூட அந்த வேனில் ஏறினால் கொஞ்சம் மனுஷராகப் பேசுவார்கள்.

வேன் ஓட்டுகிறவரிடம் துப்பாக்கி இருக்க வேண்டும். துப்பாக்கி வைத்திருக்க வருஷாவருஷம் சுட்டுக் காட்டித் தேற வேண்டும். ஐம்பது தோட்டாவில் நாற்பது, காகித மனிதனின் உடம்புக் கோட்டுக்குள் விழ வேண்டும். அந்த வருஷம் வெல்டாவுக்கு முதல் தடவை முப்பத்தேழு, இரண்டாம் தடவை முப்பத்தெட்டு. அலுவலகம் புதிதாக வாங்கிக்கொடுத்த துப்பாக்கியில் விசை கல் மாதிரி கனத்தது. மூன்றாவது தடவையும் தவறினால் வேன் சாவியை ஒப்படைத்துவிட்டு, கதவுகளைத் திறந்து மூடும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓய்வுபெறும் வரை உட்கார வேண்டியதுதான்.

இரண்டாவது தடவை தவறியபோது ராய்ஸ் எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். “இந்தக் கைய வெச்சுக்கிட்டு எப்படிம்மா சுடுவ? சத்தே இல்லியே,” என்றான். பிறகு ஏதோ தானம் பண்ணுகிறவன் போல ஓர் அமுக்குக்கட்டையைக் கொடுத்து, தினமும் இருநூறு தடவை அமுக்கச் சொன்னான். எந்தக் கையைப் பார்த்து இதைச் சொன்னான் என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பதினாலு பசுக்களைக் காலையும் மாலையும் கையால் கறந்து வளர்ந்தவள் அவள், பத்தொன்பது வயது வரைக்கும். முட்டிவரை சேற்றில் நின்றுகொண்டு மாட்டு வாலால் முகத்தில் அடி வாங்கிக்கொண்டு கறந்த கை அது. அவன் உடற்பயிற்சி நிலையத்தில் கண்ணாடி பார்த்துக்கொண்டே வளர்த்த கையா இதற்குப் பாடம் எடுப்பது?

ஆனாலும் அமுக்கினாள். வேன் போய்விடும் என்ற பயம் அப்படி. மூன்று வாரம் தினமும் இருநூறு. பிறகு சொந்தக் காசில் தோட்டா வாங்கித் தனியாகப் போய்ச் சுட்டுப் பார்த்தாள். முன்னைவிட மோசம். எல்லாம் இடது பக்கம், எல்லாம் கீழே. நல்ல சாப்பாடு போட்டு நோயை வளர்த்த கதையாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறையில் உட்கார்ந்து, துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, குழாய்முனை மேல் ஒரு வெற்றுத் தோட்டாக்கூட்டை நிற்க வைத்து விசையை அழுத்தினாள். கூடு விழுந்தது. பத்துத் தடவையும் விழுந்தது. சரி, கையைத்தான் பார்ப்போமே என்று அமுக்குக்கட்டையை எடுத்து, ஆள்காட்டி விரலை மட்டும் மடக்கிப் பார்த்தாள். மற்ற மூன்று விரலும் கூடவே மடங்கின. கறக்கும்போது அப்படித்தான் மடங்க வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக, மேலிருந்து கீழாக. துப்பாக்கியில் அப்படி மடங்கினால் குழாய்முனை இடதுபுறம் கீழே இழுபடாமல் என்ன செய்யும்? இந்த முட்டாள் மூன்று வாரமாக அந்தப் பழக்கத்துக்கே உரம் போட வைத்திருக்கிறான். வெல்டாவுக்கு வந்த கோபத்தில் அமுக்குக்கட்டையைக் குப்பைக்கூடையில் எறிந்தாள்.

அதற்குப் பிறகு வேறு மாதிரி பழகினாள். வலது கையின் மூன்று விரல்களையும் முதலிலேயே இறுக்கி, கடைசிவரை அதே இறுக்கத்தில் வைத்தாள். மிச்ச இறுக்கத்தை இடது கையிடம் விட்டாள். ஆள்காட்டி விரல் மட்டும், யாரையும் எழுப்பாமல் கதவைத் திறக்கிறவர் போல, மெதுவாகப் பின்னால் வர வேண்டும். முதல் வாரம் கூடு விழுந்துகொண்டே இருந்தது. இரண்டாவது வாரம் பத்தில் ஆறு தடவை நின்றது. மூன்றாவது வாரம் விழவே இல்லை. மைதானத்துக்குப் போனால் சிவப்புப் பிளாஸ்டிக்கில் செய்த வெத்துத் தோட்டாக்களை நிஜத் தோட்டாக்களோடு கலந்து போட்டுக்கொள்வாள். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று தெரியாது. வெடிக்காத தோட்டாவில் கை அசைந்தால் நம் குட்டு நமக்கே வெளிப்பட்டுவிடும். கடைசி நாள் சுட்டபோது பதினைந்து கெஜத்தில் ஒரு சாணுக்குள் எல்லாம் விழுந்தது. அன்று வண்டிக்குள் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். யாரிடமும் சொல்லவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள், வழக்கம்போல எல்லாத் துப்பாக்கிகளையும் ராய்ஸ் சோதனைக்கு வாங்கிக்கொண்டான். மறுநாள் காலை மைதானத்தில் வரிசையில் நிற்கும்போதுதான் திருப்பிக் கொடுத்தான். அவள் துப்பாக்கியை நீட்டும்போது ஒரு கண்ணைச் சிமிட்டி, “உனக்காகக் கொஞ்சம் சரி பண்ணி வெச்சிருக்கேன், பயப்படாத,” என்றான். அவள் அப்போதே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மனசெல்லாம் விரலில் இருந்தது.

மூன்று கெஜத்தில் பத்தும் உள்ளே. ஏழு கெஜத்தில் பதினைந்தும் உள்ளே, ஆனால் எல்லாம் ஒரே கொத்தாக வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. பதினைந்து கெஜத்துக்குப் போய் ஐந்து சுட்டாள். ஐந்தும் கோட்டுக்கு வெளியே வலது பக்கம் வெள்ளைத் தாளில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. இனி இருபதுதான் மிச்சம், ஐந்துக்கு மேல் தவறக் கூடாது. இருபத்தைந்து கெஜத்துக்குப் போனால் இந்த வலது பக்கச் சாய்வு இன்னும் அதிகமாகும். கண்ணாடிக் கூண்டு கண்முன் வந்து நின்றது.

அவள் கையைத் தூக்கி, துப்பாக்கியில் கோளாறு என்றாள். ராய்ஸ் வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினான். தானே பார்த்துப் பார்த்து வைத்த துப்பாக்கி, ஒரு கோளாறும் இல்லை என்றான். பக்கத்தில் நின்ற கர்ட் ஹென்க், வாலிபன், ராய்ஸ் சிரித்தால் தானும் சிரிக்கிறவன், போன தடவை இடது, இந்தத் தடவை வலது, அடுத்த தடவை வானத்துக்கா என்று கேட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“அப்ப நீங்க சுட்டுக் காட்டுங்க சார்ஜென்ட்,” என்றாள் வெல்டா.

அவன் காத்திருந்த மாதிரி முன்னால் வந்தான். தோளை ஒரு குலுக்கு, கழுத்தை ஒரு சொடக்கு. அவள் தாளிலேயே, அவள் துப்பாக்கியாலேயே ஐந்து சுட்டான். ஐந்தும் காகித மனிதனின் வயிற்றில், கொஞ்சம் கீழே, ஆனால் சரியாக நடுவில்.

“பாத்தியா? துப்பாக்கி என்ன பாவம் பண்ணுச்சு,” என்றான். இந்தத் தடவை எல்லாருமே சிரித்தார்கள்.

வெல்டாவுக்கு முகம் எரிந்தது. ஒரு கணம் தன்மேலேயே சந்தேகம் வந்தது. மூன்று வாரம் சமையலறையில் பழகியதெல்லாம் வெறும் பிரமையா? துப்பாக்கியைத் திருப்பி வாங்கியதும் முதல்முறையாக அதன் முதுகைப் பார்த்தாள். கண்ணருகே வைத்துக் குறிபார்க்கும் சின்ன இரும்புக் காடி பின்னால் இருக்கும். அது நடுவில் இருக்க வேண்டும்; எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம்தான் தோட்டாவும் போகும். இதில் அது குடிகாரன் தொப்பி மாதிரி வலது பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது. அவள் இடது பக்கம் சுடுகிறாள் என்று இந்தப் புண்ணியவான் காடியை வலது பக்கம் தட்டிவிட்டிருக்கிறான். சரி, அது புரிந்தது. ஆனால் இவ்வளவு கோணல் காடியை வைத்துக்கொண்டு இவன் எப்படி நடுவில் சுட்டான்? நேராகச் சுடுகிறவர் யாரும் இதில் நடுவில் சுட முடியாதே. இடது பக்கம் இழுக்கிறவன்தான் சுட முடியும்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

அண்டர்ஷெரிஃப் மெர்ல் ஸ்டக்கி பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மதிப்பெண் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஷெரிஃபுக்கு அடுத்தவர் அவர்தான். அதிகம் பேசாத மனுஷர். வெல்டா அவரிடம் போய், சட்டைப்பையிலிருந்து இரண்டு சிவப்பு வெத்துத் தோட்டாக்களை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். இதைக் கலந்து போட்டு சார்ஜென்டை இன்னொரு ஐந்து சுடச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அதற்கென்ன அவசியம் என்று ராய்ஸ் குரலை உயர்த்தினான். இது ஆரம்பப் பள்ளி விளையாட்டு, தலைநகரத்தில் முதல் நாளே பண்ணி முடித்தது என்றான்.

“முதல் நாளே முடிச்சதுன்னா அஞ்சு நிமிஷம் ஆகாது. சுடுப்பா,” என்றார் ஸ்டக்கி. யாருக்கும் காட்டாமல் திரும்பி நின்று அவரே தோட்டாக்களைத் திணித்துக் கொடுத்தார்.

முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது வெடிக்கவில்லை. டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கியின் மூக்கு, தீனி கொத்தும் கோழி மாதிரி, இடது பக்கம் கீழே ஒரு கொத்துக் கொத்தியது. அடுத்தவர் கையில் இது நடந்திருந்தால் ராய்ஸ் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். ஒன்பது பேரும் பார்த்தார்கள். ராய்ஸ் இருமிவிட்டு, பிடி வழுக்கிவிட்டது என்று முணுமுணுத்தான். மூன்றாவது வெடித்தது. நாலாவது மறுபடி டிக். மறுபடி அதே கொத்து, முன்னைவிடப் பெரிதாக. கையில் அவ்வளவு பலம் இருந்தால் கொத்தும் அவ்வளவு பலமாகத்தானே இருக்கும்.

ஐந்தாவதைச் சுடச் சொல்லவில்லை ஸ்டக்கி. துப்பாக்கியை வாங்கிக் காலி செய்து, முதுகைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இத யாரு நகர்த்துனது?”

“நான்தான் சார். அவங்க லெஃப்ட்ல சுடுறாங்கன்னு ஒரு உதவியா...”

“உதவியா,” என்றார் ஸ்டக்கி.

ராய்ஸின் கருவிப்பெட்டியிலிருந்தே பித்தளை உளியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்து, காடியை நடுவுக்குத் தட்டி வைத்தார். அலுவலகத்தின் கை பட்டுக் கெட்ட துப்பாக்கி என்பதால், பதினைந்து கெஜத்தின் ஐந்தையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, புதுத் தாளில் மறுபடி சுடச் சொன்னார். வெல்டா கோட்டில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். இப்போது தவறினால் அதற்குச் சாக்கே கிடையாது. மூன்று விரலை இறுக்கினாள். இடது கையை அதற்கு மேல் இறுக்கினாள். வேனையோ கூண்டையோ நினைக்காமல், குழாய்முனையில் இருந்த குறிமுள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு, விரலை மெதுவாக வர விட்டாள். தோட்டா வெடித்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஐம்பதில் நாற்பத்தேழு. ஸ்டக்கி தாளை எண்ணி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெல்டா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினாள். வேன் அவளுடையது, இன்னும் ஒரு வருஷத்துக்கு.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஸ்டக்கி கருவிப்பெட்டியை மூடவில்லை. எல்லாரும் துப்பாக்கியைக் காலி செய்து மேஜைமேல் வையுங்கள் என்றார். எட்டுத் துப்பாக்கிகள் வரிசையாக வந்து படுத்தன. அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ஏழில் காடி வலது பக்கம் நகர்ந்திருந்தது. ராய்ஸின் சொந்தத் துப்பாக்கியில்தான் எல்லாவற்றையும்விட அதிகம். இடது பக்கம் இழுக்கிற பழக்கத்தைத் தான் சுமந்ததுமில்லாமல், பதினோரு வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொடுத்து, பிறகு அது தெரியாமல் இருக்கத் துப்பாக்கிகளையும் கோணலாக்கி வைத்திருக்கிறான் மகராசன். இவர்கள் எல்லார் சட்டைத் தோளிலும் குறி தவறாதவர்கள் என்று தைத்த நட்சத்திரம் வேறு. வருஷாவருஷம் ஐம்பதுக்கு நாற்பத்தைந்து வாங்கி, ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டவர்கள். கர்ட் தன் துப்பாக்கியைக் கண்ணருகே தூக்கிப் பார்த்துவிட்டு, சூடு பட்டவன் போலக் கீழே வைத்தான்.

ஸ்டக்கி ஏழையும் நடுவுக்குத் தட்டினார். டொக், டொக் என்று அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எட்டுப் பேரையும் மறுபடி சுடச் சொன்னார். வெல்டா வண்டியின் பின்கதவில் சாய்ந்துகொண்டு, குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டே பார்த்தாள். இவ்வளவு நல்ல காலைப்பொழுது அவளுக்கு அந்த வருஷம் வாய்க்கவில்லை. தாள்களின் இடது ஓரமெல்லாம் சல்லடையானது. மூன்று பேர் தட்டுத்தடுமாறித் தேறினார்கள். ஐந்து பேர் தவறினார்கள். கர்டுக்கு முப்பத்தாறு. ராய்ஸுக்கு முப்பத்தொன்று. விதிப்படி அந்த ஐந்து பேரின் துப்பாக்கிகளையும் ஸ்டக்கி வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார். மறுபயிற்சி முடியும்வரை அவர்கள் வெறும் உறையோடுதான் திரிய வேண்டும்.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. அன்று ஒரு மணிக்கு ஆஸ்பத்திரிப் பயணம் இருந்தது. தேறிய மூன்று ஆண்களும் ரோந்துக்குப் போக வேண்டும், கவுண்டியில் வேறு ஆளில்லை. வேனில் இரண்டு பேர் போக வேண்டும், ஆனால் ஒருவரிடம் துப்பாக்கி இருந்தால் போதும். இன்னொருவர் கைதி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் சரி. துப்பாக்கி இல்லாத ஐந்து பேரில் யார் வேண்டும் என்று வெல்டாவிடமே கேட்டார்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. “சார்ஜென்ட் வரட்டும் சார்,” என்றாள்.

ராய்ஸ் வாயைத் திறந்தான். ஸ்டக்கி அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

ஒரு மணிக்கு வேன் சிறை வாசலில் நின்றது. கைதி லானி, ஐம்பது வயது, அடுத்தவர் காசோலையில் கையெழுத்துப் போட்டுப் பிடிபட்டவன். வெல்டாவோடு இது அவனுக்கு மூன்றாவது பயணம். கைவிலங்கும் இடுப்புச் சங்கிலியுமாகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்த ராய்ஸைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். அவன் கண் இடுப்பில் வந்து நின்றது.

“என்ன சார்ஜென்ட், ஒற காலியா இருக்கு?”

ராய்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். லானி விடவில்லை, தொலைத்துவிட்டாரா என்று வெல்டாவிடம் கேட்டான்.

“தொலையல லானி, பத்திரமாத்தான் இருக்கு,” என்றாள் வெல்டா, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே. “சார் சுட்டா அது எங்க போகும்னு யாருக்கும் தெரியல. அதான் வாங்கி வெச்சிருக்காங்க.”

லானி இதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் போட்டுப் பார்த்தான். பிறகு சங்கிலி கலகலக்க எழுந்து, ராய்ஸிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, சீட்டின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். வெல்டா வண்டியைக் கிளப்பினாள்.